சிறார் எழுத்தாளர் பள்ளிக்கு வந்தால்: கேள்வி பதில்

சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறேன். பள்ளி, நூலகம், புத்தகக் காட்சி என்று வாசகப் பிள்ளைகளைப் பார்க்கப் போவதும் இந்த வேலையில் ஒரு பெரும்பகுதி. அதைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஓர் எழுத்தாளரை அழைக்க ஆசை. தலைமையாசிரியரோ, "ஒரு வகுப்புக்கு மட்டும் எதற்கு, மொத்தப் பள்ளியையும் உட்கார வைத்துவிடலாம்" என்கிறார். என்ன சொல்வது? (ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

மொத்தப் பள்ளியும் உட்கார்ந்தால் அது ஆண்டு விழா, டீச்சர். மைக், மேடை, வரவேற்புரை எல்லாம் வந்துவிடும். பிள்ளைகள் கைதட்டச் சொன்னால் தட்டுவார்கள். ஒரு வகுப்பு, மிஞ்சினால் இரண்டு வகுப்பு கொடுங்கள். நாற்பது பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தால் மூலையில் இருக்கிறவன் முகமும் தெரியும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடும் வேண்டாம். பாதி வகுப்புக்குக் கண் சொக்கும், எனக்கும்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நான் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் என் கதை ஒன்றையாவது படித்திருக்க வேண்டும், அல்லது யாராவது படித்துக் கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு பிரதி தேவையில்லை. இரண்டு வாங்கி, ஒன்றை நீங்கள் வகுப்பில் சத்தமாகப் படியுங்கள், மற்றதை வாசிப்பு மூலையில் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் போதும். இதைச் செய்த வகுப்புக்குள் நான் நுழையும்போதே, "நீங்க ஏன் அந்தத் தாத்தாவைச் சாகடிச்சீங்க?" என்று சண்டை தொடங்கிவிடும். செய்யாத வகுப்பில் நான் வெறும் சிறப்பு விருந்தினர்.

அழைத்தால் எவ்வளவு பணம் தர வேண்டும்? நேரடியாகக் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. (தனியார் பள்ளித் தாளாளர்)

சங்கடப்படாமல் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு ஆறு ரூபாய். ஆயிரம் பிரதியும் விற்றுத் தீர்ந்தால் ஆறாயிரம். அது தீர இரண்டு, மூன்று வருடம்கூட ஆகலாம். படக்கதை என்றால் அந்தத் தொகையில் ஓவியருக்கும் பங்கு உண்டு, அதுதான் நியாயமும். ஆக, எழுத்தை மட்டும் நம்பிச் சிறார் எழுத்தாளர் யாரும் வீட்டு வாடகை கட்டுவதில்லை. கட்டணம் வாங்கும் பள்ளி மதிப்பூதியமும் பயணச் செலவும் தர வேண்டும். அரசுப் பள்ளி என்றால் நான் பஸ் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறேன். இது என் வழக்கம், மற்றவர்கள்மேல் இதைத் திணிக்க வேண்டாம்.

பொன்னாடையும் கேடயமும் வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள், என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பிள்ளைகள் அப்படி என்னதான் கேட்பார்கள்? பதில் தெரியாத கேள்வி வந்தால்? (புதிதாக எழுதத் தொடங்கியவர், மதுரை)

முதல் வரிசைக் கேள்விகள் எங்கே போனாலும் ஒன்றுதான். உங்க வயசு என்ன, எவ்வளவு சம்பளம், படமும் நீங்களே வரைஞ்சீங்களா, இந்தக் கதை நிஜமா நடந்துச்சா. எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சம்பளக் கேள்விக்கு மேலே சொன்ன ஆறு ரூபாய்க் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் கணக்கு டீச்சருக்கும் சந்தோஷம்.

நல்ல கேள்வி அதற்கப்புறம்தான் வரும், காத்திருக்கத் தெரிய வேண்டும். திண்டுக்கல் பக்கம் வடமதுரை அருகே ஒரு பள்ளியில், ஆட்டைத் தேடி அலையும் ஒரு பெண்ணின் கதையைப் படித்தேன். ஆடு கிடைத்ததும் கதை முடிந்துவிடும். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "கதை முடிஞ்சப்புறம் அந்த ஆடு எங்க போச்சு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், "அய்யலூர் சந்தைக்குத்தான்" என்றான். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கம். அவள் விடவில்லை. "படத்துல வயிறு பெருசா இருக்கு, அது சினை. சினை ஆட்டை எங்கப்பா விக்க மாட்டாரு." புத்தகத்தை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து பத்து நிமிடம் வாதம் நடந்தது. ஓவியர் கொஞ்சம் கொழுத்த ஆடாக வரைந்திருந்தார், அவ்வளவுதான். நான் அதைச் சொல்லவில்லை.

எனவே பதில் தெரியாவிட்டால் கேள்வியை வகுப்புக்கே திருப்பிக் கொடுங்கள். அவர்களுக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

எனக்குக் குரலை மாற்றி, ஆடிப் பாடிக் கதை சொல்ல வராது. பள்ளிக்குப் போகலாமா? (சிறார் நாவலாசிரியர், கோவை)

தாராளமாக. கதைசொல்லிகள் வேறு, நாம் வேறு. அவர்களோடு போட்டி போட்டால் தோற்றுத்தான் போவோம். புத்தகத்தைக் கையில் வைத்து நிதானமாக வாசியுங்கள், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். அதுவே போதும்.

அடித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதி இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் அடிபட்டிருப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத ஆனந்தம். அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்து மூன்று முறை மடிக்கச் சொல்லுங்கள். எட்டு இதழ், பதினாறு பக்கம். அச்சகத்தில் பெரிய தாளை இப்படித்தான் மடித்து வெட்டுகிறார்கள், படக்கதைகள் பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு பக்கமாக வருவதற்குக் காரணம் இதுதான். பக்க எண் போட்டு, பிரித்துப் பார்த்தால் எண்கள் தலைகீழாகக் கிடக்கும். அதற்கப்புறம் நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கிறேன். நானும் கதை எழுதுகிறேன். எங்கே அனுப்பலாம்?

தம்பி, உன் பள்ளி அரசுப் பள்ளி என்றால் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்கான 'தேன்சிட்டு' இதழ் உனக்குத் தெரிந்திருக்கும். அதில் மாணவர்கள் எழுதியதும் வருகிறது. தமிழாசிரியர் மூலமாக அனுப்பு. அறிவியல் கலந்து எழுதினால் 'துளிர்' இதழைப் பார். அதற்கு முன்னால் உன் கதையைப் பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் படித்துக் காட்டு. அவன் எந்த இடத்தில் வேடிக்கை பார்க்கிறானோ அந்த இடத்தை வெட்டு.

புத்தகக் காட்சியில் புத்தகம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது? (பதிப்பக விற்பனையாளர்)

கையில் போடாதீர்கள், வியர்வையில் அழிந்துவிடும், அழுகையும் வரும். ஒரு பக்கம் கதைப்படமும் மறுபக்கம் வெற்றிடமுமாகச் சின்ன அட்டைகள் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவு சொற்பம். பெயர் கேட்டு எழுதிக் கொடுங்கள். எழுத்துப்பிழை வரக் கூடாது, அதனால் அவர்களையே முதலில் ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லலாம்.

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமானாலும் மாவட்டப் புத்தகத் திருவிழாவானாலும், பகலில் வேன் வேனாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். வரிசையாக நடக்கச் சொல்லி, "எதையும் தொடாதே" என்று ஓட்டிக்கொண்டு போவார்கள். பத்து, இருபது ரூபாய்ப் புத்தகங்களைப் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் வையுங்கள். தொட்டுப் புரட்டட்டும். நாலு அழுக்குப் பிரதிக்காகக் கணக்குப் பார்க்கிற கடையில் எனக்கு உட்காரப் பிடிப்பதில்லை.

போட்டோ எடுத்து முகநூலில் போடலாமா? பிள்ளைகள் போன் நம்பர் கேட்டால் தரலாமா?

பள்ளியின் அனுமதி இல்லாமல் முகம் தெரிகிற படம் போடக் கூடாது. நம்பர் தர வேண்டாம். பள்ளி முகவரியிலிருந்து ஐம்பது பைசா தபால் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். முப்பது அட்டை வந்தால் வகுப்புக்கு ஒரே கடிதமாகப் பதில் எழுதலாம், ஆனால் அதில் ஒவ்வொரு பெயரும் இருக்க வேண்டும். விட்டுப்போனவன் மன்னிக்கவே மாட்டான்.

கிளை நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நவம்பர் 14 அன்று வர முடியுமா? (கடலூர் மாவட்டம்)

அன்றைக்குத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். குழந்தைகள் தினம், அதோடு நூலக வார விழாவும் தொடங்கும் நாள். போதாக்குறைக்கு உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நேரம். காலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டால் நான் பாதி வழியில் பஸ்ஸில் இருப்பேன். ஏப்ரல் 2 உலகச் சிறார் புத்தக நாள்தான், ஆனால் பிள்ளைகள் தேர்வுக் கவலையில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள். பள்ளி தொடங்கிய அலைச்சல் அடங்கியிருக்கும், காலாண்டுத் தேர்வும் நெருங்கியிருக்காது. முன்கூட்டியே பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் பேரை உறுப்பினராகச் சேர்த்து, உங்கள் நூலகத்தில் இருக்கும் சிறார் கதைகளை எடுத்துப் போகவிடுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால் நானும் படித்துவிட்டு வருகிறேன்.