ஃபைபர் படகின் அடியில் விரிசல், மிதித்தால் தளமும் அமுங்குகிறது: எப்படிச் சரிசெய்வது?

தளம் அமுங்கினால் உள்ளே பலகை ஊறி உளுத்துவிட்டது என்று அர்த்தம். விரிசலை மட்டும் அடைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்.

முதலில் தளத்தை அறுத்து எடுங்கள். கீழே உள்ள கட்டைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். மிதப்புக்காகத் தளத்தின் கீழே அடைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது வீண் பாரம்.

விரிசலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலாகப் புட்டி பூசினால் அலை அடிக்க அடிக்கப் பெயர்ந்துவிடும். கிரைண்டரால் இருபுறமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகின் ஓடு (வெளிச்சுவர்) 5 மி.மீ. கனமென்றால் சரிவின் அகலம் ஒவ்வொரு பக்கமும் 60 மி.மீ., அதாவது 12 மடங்கு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம். நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் (இறுகும் பிசின்) நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி ரோலரால் உருட்டுங்கள். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ரெசின் ஏறவில்லை, அங்கே காற்று நிற்கிறது.

பாலியெஸ்டர் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) 1 முதல் 2 சதவீதம் போதும். கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முதலில் ரெசினில் கலந்துவிட்டுப் பிறகே கேட்டலிஸ்ட் ஊற்றுங்கள். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

தளத்துக்கு மரைன் பிளைவுட்தான். பொருத்துவதற்கு முன்பே அடிப்பக்கம், அறுத்த ஓரம், திருகுத் துளை எல்லாவற்றிலும் ரெசின் ஏற்றுங்கள். தண்ணீர் ஓரத்தில்தான் முதலில் நுழையும்.