ஜோக்கர் என்ற பெயர் இல்லாவிட்டால்?

கேள்வி: வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய 'ஜோக்கர்' (2019) படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஒரு மனிதன் சிதைந்துபோவதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் படத்துக்கு பேட்மேன் சங்காத்தம் எதற்கு? அது பலமா, சுமையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் காசு விஷயம். வாடகைக்குக் கோமாளி வேஷம் போடும் ஒரு நோயாளியின் கதை, பேட்மேனின் பரம வில்லனான ஜோக்கரின் பெயர் மட்டும் இல்லையென்றால் உலகம் முழுக்க நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்குமா? சான்ஸே இல்லை.

ஆனால் மனதில் நிற்கிற காட்சிகளை யோசித்துப் பாருங்கள், ஒன்றிலாவது காமிக்ஸ் இருக்கிறதா? பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறான் அந்தக் கோமாளி ஆர்தர், அம்மாக்காரி அதட்டுகிறாள், உடனே அந்த அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட, தொண்டை அடைக்கச் சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை நீட்டுகிறான். 'மன்னியுங்கள், இது நோய்' என்கிறது அட்டை. திருப்பித் தந்துவிடுங்கள் என்ற வேண்டுகோளும் அதிலேயே உண்டு. நாளைக்கும் வேண்டுமே! அப்புறம் அவன் போகும் மனநல ஆலோசனை அலுவலகம். நிதியை வெட்டிவிட்டார்கள், மூடப்போகிறோம் என்கிறார் அங்கே ஆலோசனை சொல்லும் பெண்மணி. இனி மருந்துக்கு எங்கே போவது என்கிறான் இவன். இதற்கெல்லாம் பேட்மேன் கதைகளின் காத்தம் நகரம் எதற்கு, எண்பதுகளின் நியூயார்க்கே போதும்.

இடிக்கிற இடம் வேன் குடும்பம், அதாவது பேட்மேனாகப் போகிற சிறுவன் புரூஸின் குடும்பம். அவன் அப்பா தாமஸ் வேன் டிவியில் உட்கார்ந்து ஏழைகளைக் கோமாளிகள் என்று சொல்லும்வரை சரி, அதை எந்தப் பணக்கார வேட்பாளரும் செய்வார். ஆனால் கடைசியில், கலவரக்காரர்கள் தூக்கிப்போட்ட ஆர்தர் நினைவில்லாமல் கார்மேல் கிடக்கும்போது, கேமரா அவனை அம்போவென்று விட்டுவிட்டு ஒரு சந்துக்குள் ஓடி, புரூஸின் அப்பா அம்மா சுடப்பட, அறுந்து சிதறும் அம்மாவின் முத்துமாலையை, பேட்மேன் கதையில் நூறாவது தடவையாகக் காட்டுகிறது. சிறுவன் புரூஸ் பின்னாளில் பேட்மேன் ஆகவேண்டுமாம்!

அதைவிடப் பெரிய கெடுதல், பெயரே முடிவைச் சொல்லிவிடுவது. ரயிலில் நடக்கும் முதல் கொலைக்கு நாம் பதறியிருக்க வேண்டும். 'ஆரம்பிச்சாச்சு' என்று நிமிர்ந்து உட்காருகிறோம். ஆர்தராக வாக்கீன் பீனிக்ஸ் உடம்பை உருக்கி நடித்ததெல்லாம் அந்த நொடியில் ஒரு வில்லனின் முன்கதையாகிவிடுகிறது. என் கணக்கில் சுமைதான்.

கேள்வி: அப்படியானால் 2024-ல் வந்த இரண்டாம் பாகம் ஏன் படுத்தது?
– அதே வாசகர்

பதில்: அதில் ஆர்தரே கோர்ட்டில் ஜோக்கர் என்று யாரும் இல்லை என்கிறான். உங்கள் முதல் கேள்விக்கு இயக்குநர் டாட் பிலிப்ஸ் தந்த பதில் மாதிரியே இருக்கிறது, எனக்குப் பிடித்தது. டிக்கெட் வாங்கியவர்களோ ஜோக்கரைப் பார்க்க வந்தவர்கள். போதாக்குறைக்குப் பாட்டு வேறு!