நான்கு மணிக்கே இருட்டும் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்று மாதமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவள். முன்பு கிழக்குப் பார்த்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறை மாமனாருக்குத் தேவைப்பட்டதால் பின்பக்க அறைக்கு மாறிவிட்டேன். இங்கே மேற்கே ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் ஏழெட்டு அடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். வண்ணம் அடிக்காத வெறும் சிமெண்ட் சுவர். நாலு மணி ஆனால் போதும், காரணமே இல்லாமல் மனது கனத்துப்போகிறது. கூடவே இருந்த யாரோ சொல்லாமல் கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

நீலம் மனதை அமைதிப்படுத்தும் என்று எங்கோ படித்து, போன மாதம் அறை முழுக்க வெளிர்நீலம் அடித்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. "எல்லாம் மனப்பிரமை" என்கிறார் கணவர். வெளிச்சமும் நிறமும் ஒருவரை இவ்வளவு பாதிக்குமா? சுற்றியிருக்கும் வெளிச்சத்தைக் கவனிக்க எப்படிப் பழகுவது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பிரமை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் "நாலு மணி" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். காலையில் அந்த அறை உங்களை ஒன்றும் செய்யவில்லை. மதியமும் செய்யவில்லை. அதே சுவர், அதே நாற்காலி, அதே வேலை. நாலு மணிக்கு மட்டும் மனது கனக்கிறது என்றால், அந்த நேரத்தில் அறைக்குள் எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மாறுவது ஒன்றுதான், வெளிச்சம்.

கண் நமக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பார்ப்பது. இன்னொன்று, இப்போது என்ன பொழுது என்று உடம்புக்குச் சொல்வது. இந்த இரண்டாவது வேலைக்கென்று விழித்திரையில் தனியாக ஒரு வகை செல்கள் இருப்பது 2002-இல்தான் உறுதியானது. பார்ப்பதற்கென்று இருப்பதாகப் பள்ளியில் படித்த கோல், கூம்பு செல்கள் அல்ல இவை. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு தாமாகவே வெளிச்சத்தை உணர்ந்து, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன. பார்வையை முழுதாக இழந்தவர்களில் சிலருக்கு இந்தச் செல்கள் மட்டும் பிழைத்திருக்கும். அவர்களுக்கு உருவம் எதுவும் தெரியாது. ஆனாலும் அவர்களின் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த இரண்டு வேலைகளுக்கும் தேவைப்படும் வெளிச்சம் ஒன்றல்ல. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். படிப்பதற்கு 300 லக்ஸ் இருந்தால் தாராளம். வீட்டுக்குள் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும், பல நேரம் 100-தான். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சி வெயில் என்றால் ஒரு லட்சம். இவ்வளவு பெரிய வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. கண் அதை மறைத்துவிடுகிறது. உள்ளே வந்த சில நிமிடங்களில் கண்பாவையை விரித்து, தன்னைப் பழக்கிக்கொண்டு, "போதும், எல்லாம் தெரிகிறதே" என்று சொல்லிவிடுகிறது. நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள். எழுத்து தெரிகிறது, ஆகவே வெளிச்சம் இருக்கிறது. உடம்போ அதே அறையில் பொழுது சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கும்.

நம் அகத்திணை மரபு ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுதைக் கொடுத்திருக்கிறது. காத்திருத்தலைச் சொல்லும் முல்லைக்கு மாலை. இரங்கலைச் சொல்லும் நெய்தலுக்கு எற்பாடு. எல் என்றால் ஒளி, பகலவன். அது படும், அதாவது மறையும், நேரம் எற்பாடு. ஓர் உணர்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் அது எந்த வெளிச்சத்தில் நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருந்தவர் கிளம்பிப் போய்விட்ட மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே இன்னும் நல்ல பகலாக இருக்கும்போது உங்கள் அறைக்குள் எற்பாடு தொடங்கிவிடுகிறது. தினமும், இரண்டு மணி நேரம் முன்னதாகவே.

சரி, நீலத்துக்கு வருவோம்.

நீலம் அமைதி, சிவப்பு கோபம், மஞ்சள் மகிழ்ச்சி என்று பட்டியல் போடுவதை நான் நம்புவதில்லை. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கடற்படைச் சிறையின் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பு அடித்தார்கள். உள்ளே போகிறவர்களின் மூர்க்கம் சீக்கிரமே தணிந்துவிடுகிறது என்ற பேச்சு பரவி, பல சிறைகளும் அதே நிறத்துக்கு மாறின. பிறகு கவனமாகச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலும் வானமும் நமக்கு நீலம்தான். விஷம் ஏறிய உடம்பையும் "நீலம் பாரித்துவிட்டது" என்றுதான் சொல்கிறோம். எந்த நீலம், எதன் மேல், எந்த வெளிச்சத்தில் என்று கேட்காமல் நீலத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே சாயமேற்றும் கருப்பு நூல் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளுக்க வைத்தன. அதைத் தொடர்ந்து போய், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை 1839-இல் விரிவாக எழுதினார்.

உங்கள் அறைக்கு வருகிற வெளிச்சம் எப்படிப்பட்டது? மதியத்துக்கு மேல் அந்தச் சந்துக்குள் வெயில் இறங்காது. மேலே தெரியும் ஒரு துண்டு வானத்தின் வெளிச்சம் சிமெண்ட் சுவரில் பட்டு, பாதிக்கு மேல் அங்கேயே தொலைந்து, மிச்சம்தான் உங்கள் ஜன்னலுக்கு வருகிறது. நிழலில் கிடக்கும் வானவெளிச்சம் ஏற்கெனவே நீலம் கலந்தது. அதை நீங்கள் நீலச் சுவரில் வாங்குகிறீர்கள். பெயிண்ட் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. வந்ததில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். நீலச் சுவர் விழுங்குவது சிவப்பையும் மஞ்சளையும். மீதி வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய் அங்கேயும் கொஞ்சம் இழந்து திரும்பி வரும்போது நீலம் இன்னும் அடர்ந்திருக்கும். பெயிண்ட் அட்டையில் இதமாகத் தெரிந்த நிறம், நாலு சுவரிலும் அடித்ததும் அழுத்தமாகத் தெரிவது இதனால்தான். ஃப்ரிட்ஜ் என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான சொல். மேற்கு வெயில் நேராக விழும் அறையில் இதே நீலத்தை அடித்திருந்தால் எனக்கு வேறு மாதிரி கடிதம் எழுதியிருப்பீர்கள்.

வெளிச்சத்தைக் கவனிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பதினோரு நாள். அந்த வார்டில் நெஞ்சு உயரம் வரை பச்சைச் சுவர், மேலே பழைய ட்யூப்லைட்டுகள், அதில் ஒன்று விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகம் சாம்பல் பூத்துக்கொண்டே போவது போல எனக்குத் தெரிந்தது. உதட்டில் நிறமே இல்லை. தேறமாட்டாள் என்றே மனதுக்குள் முடிவு செய்து, வராந்தாவில் போய் அழுதுவிட்டு வருவேன்.

ஒன்பதாவது நாள் காலை, கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று செவிலியர் சொன்னதால் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஓர் ஆள் உயர ஜன்னல். வெளியே மேகமூட்டம், வெயில் இல்லை. அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. காது மடலின் ஓரத்தில் இளஞ்சிவப்பு. கண்ணின் வெள்ளையில் ஈரம். நான் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான் உன் முகம் தெளிஞ்சிருக்கு. எனக்கு ஒண்ணுன்னா நீயும் படுத்துடுவேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ஒன்பது நாளாக அவளும் என் முகத்தை அதே ட்யூப்லைட்டில்தான் பார்த்திருக்கிறாள். நோய் அன்றைக்கும் அதே நோய்தான். ஆனால் அந்தப் பழைய விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு, மனித முகத்தின் உயிரோ சிவப்பில்தான் இருக்கிறது. இது எனக்குத் தெரியாமல், ஒரு விளக்கின் குறையை அவள் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் அழுதிருக்கிறேன். நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்கு விளக்கு வாங்குகிறவர்கள் அதன் கீழே தங்கள் கையை நீட்டி ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கினால் நன்றாக இருக்கும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

கவனிக்கப் பழகுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். அதை ஜன்னல் பக்கம் ஒரு தடவை, அறையின் உள்மூலையில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். "வெள்ளை" என்று மூளை உடனே சொல்லும், அதை நம்பாதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் அதில் நீலமோ மஞ்சளோ பச்சையோ ஏறியிருப்பது தெரியவரும். இதையே காலை, மதியம், நாலு மணி என்று மூன்று பொழுதும் செய்யுங்கள். என் மேசைக்கு எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அது வெள்ளையாக இருக்கும் நேரம் ஒரு நாளில் அரைமணிகூடத் தேறாது.

இன்னொன்று, அந்தி. ஒரு சிவப்புப் பூச்செடிக்கு முன்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பாருங்கள். பகலில் இலையை விடப் பூதான் பளிச்சென்று இருக்கும். இருட்ட இருட்ட, பூ முதலில் கறுத்துப்போகும். இலை மட்டும் வெளிறிய சாம்பல் பச்சையாக நெடுநேரம் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யான் புர்க்கின்யே என்ற செக் உடலியலாளர் கவனித்துச் சொன்னது இது. வெளிச்சம் குறைந்தால் கூம்பு செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் பொறுப்பெடுக்கின்றன, அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அந்தியில் உலகம் நம்மை விட்டு விலகுவது போலத் தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சூடான நிறங்கள் முதலில் போய்விடுகின்றன. முதல் தடவை பார்த்தபோது நான் எழுந்து போய் அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தேன்.

குறிப்பெழுதும் பழக்கம் உண்டென்றால், மனநிலையை எழுதுவதற்கு முன் வெளிச்சத்தை எழுதுங்கள். "சோர்வாக இருக்கிறது" என்பதற்கு முன்னால் "மேசை வரை நிழல், கை விரல் நீலமாகத் தெரிகிறது" என்று ஒரு வரி. பத்து நாளில் உங்களுக்கே ஏதாவது பிடிபடும்.

அறைக்கு என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டாம். ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர்தான் வரும் வெளிச்சத்தை முதலில் வாங்குகிறது. அதையும் கூரையையும் மட்டும் துளி மஞ்சள் கலந்த வெள்ளைக்கு மாற்றுங்கள். மேசையை ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போடுங்கள். மூன்று மணிக்கே, இருட்டுவதற்கு முன்பே, நல்ல பிரகாசமான விளக்கு ஒன்றைக் கூரையைப் பார்த்துத் திருப்பி எரியவிடுங்கள். பொழுது உண்மையிலேயே சாய்ந்த பிறகு அதை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்ட சின்ன மஞ்சள் விளக்கைக் கண்மட்டத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். அப்புறம், காலையில் அரைமணி நேரமாவது வெளியே நில்லுங்கள். வெயிலில் வேண்டாம், வெட்டவெளியில் நின்றாலே போதும். வீட்டில் போடும் எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

இதையெல்லாம் செய்த பிறகும் கனம் இறங்கவில்லை என்றால், காலையிலும் அது வர ஆரம்பித்தால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கிவிடும் நாடுகளில் வெளிச்சக் குறைவோடு சேர்ந்து வரும் மனச்சோர்வை 1984-இலேயே மருத்துவம் ஒரு நோயாக விவரித்துவிட்டது. காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரைமணி உட்காரவைப்பது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

உங்கள் கணவரிடம் கோபப்படாதீர்கள். அவர் வேலை முடிந்து வருவது விளக்குப் போட்ட அறைக்கு. ஒரு விடுமுறை நாளில், விளக்கைப் போடாமல், மூன்றிலிருந்து ஐந்து வரை உங்கள் நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லுங்கள். காரணத்தை முன்னாலேயே சொல்லிவிட வேண்டாம்.

கடிதத்தில் ஒரு விவரம் மட்டும் விடுபட்டிருக்கிறது. உங்கள் ஜன்னல் மேற்கே என்றால் அந்தச் சிமெண்ட் சுவர் கிழக்கைப் பார்த்து நிற்கிறது. முற்பகலில் எப்போதாவது அதன் மேல் வெயில் விழ வேண்டும், ஒரு பட்டையாகவாவது. அந்த நேரத்தில் உங்கள் அறை எப்படி இருக்கிறது? நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள், வெள்ளைத் தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா