கரி போடலாம், கையெழுத்து மட்டும் இப்போது வேண்டாம்

கேள்வி: நிலத்தில் பயோசார் என்கிற கரியைப் போட்டால் மண் வளமாகும், புவி வெப்பம் குறையும், கார்பன் கிரெடிட் பணமும் வரும் என்கிறார் ஒருவர். கரி இலவசமாம், 10 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போன பருவத்தில் அடுப்புக்கரியைத் தூளாக்கிப் போட்டுப் பார்த்தேன், பயிர் மஞ்சளடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மஞ்சளைப் பார்ப்போம். கரி முழுக்க நுண்துளைகள். வெறுமனே போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைக் கொஞ்ச நாள் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மட்கிய எருவோடு கலந்து, மாட்டு மூத்திரம் தெளித்து, மூன்று நான்கு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு போடுங்கள். அடுப்புக்கரியில் இன்னொரு சிக்கல் உண்டு. சரியாக வேகாத கரியில் தார் தங்கியிருக்கும். உள்ளங்கையில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சோப்பு போட்டால்தான் போகிறது என்றால் அது வேண்டாம்.

மஞ்சளடித்தது எந்த இலை என்று நீங்கள் எழுதவில்லை. அடியிலை முதலில் வெளுத்திருந்தால் அது தழைச்சத்துக் குறை, மேலே சொன்னது போதும். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றிருந்தால் இரும்புச்சத்துக் குறை. உங்களுடையது கார மண்ணாக இருக்கலாம். கரியே பெரும்பாலும் காரம்தான், அதன் பிஎச் (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 8 முதல் 10 வரை போகும். அமில மண்ணுக்கு அது மருந்து. ஏற்கெனவே கார மண் என்றால் இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து எல்லாம் வேருக்கு எட்டாமல் போகும். எருவில் எத்தனை வாரம் ஊறப்போட்டாலும் இந்தக் குணம் முழுதாக மாறாது. மண் பரிசோதனையில் பிஎச் 7.5-ஐத் தாண்டியிருந்தால் கரியை மறந்துவிடுங்கள், தொழுவுரமே போதும். இதை அந்த நபர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

புவி வெப்பம் பற்றிச் சொன்னது பொய்யில்லை. தட்டையும் கிளையும் மட்கினாலோ எரிந்தாலோ அவற்றிலுள்ள கார்பன் காற்றுக்கே திரும்பிவிடும். காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால் அந்தக் கார்பனில் ஏறக்குறைய பாதி கரியிலேயே தங்கிவிடும், மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது.

ஆனால் அவர் சொல்லும் கணக்கைச் சரிபாருங்கள். ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்ததற்கான, விற்கக்கூடிய சான்று. ஒரு டன் கரி சுத்தக் கார்பனாகவே இருந்தாலும் 3.67 டன் கரியமில வாயுவுக்குத்தான் சமம். நல்ல கரியில் கார்பன் 75 சதவீதம் என்று வைத்தால் 2.75 டன். சுட்டபோது வந்த புகை, லாரி டீசல் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். டன்னுக்கு ஐந்து கிரெடிட் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தக் காகிதம். ஒரே டன்னுக்கு இரண்டு பேர் கிரெடிட் கேட்க முடியாது. வழக்கமாக அது கரி சுட்டவருக்குப் போகிறது. என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டிய ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருந்தது: கார்பன் உரிமை முழுவதையும் நிலத்துக்காரர் விட்டுக்கொடுக்கிறார். எவ்வளவு பணம் என்ற இடம் காலி. உலை எத்தனை டிகிரியில் எரிந்தது என்பதற்குப் பக்கம் பக்கமாகப் படிவம் கேட்கும் இந்த ஏற்பாட்டில், கரியைச் சுமந்து கொட்டி உழுகிறவர் வரைபடத்தில் ஒரு புள்ளி. அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கம் எழுதித்தர இவர்களுக்கு நேரமில்லை!

இலவசம் என்பதால் எதை எரித்த கரி என்று கேட்காமல் விடாதீர்கள். பெயின்ட் அடித்த மரத்தை எரித்த கரியில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். உழுத பிறகு அதைப் பொறுக்கி எடுக்க முடியாது.

மண் பரிசோதனை சரியாக வந்தால் 10 சதுர மீட்டர் பாத்தியில் ஊறவைத்த கரி 10 கிலோ போடுங்கள். பக்கத்துப் பாத்தியில் அதே எரு மட்டும். காகிதத்தோடு வருபவரை அறுவடைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.