கொட்டை போட்டால் அதே பழம் வருமா?

மாம்பழ சீசன் முடிகிற நேரம். இந்த முறை வந்ததில் பாதி மாங்கொட்டைக் கேள்விகள்தான். அவற்றில் ஒன்றுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

போன வருஷம் சாப்பிட்ட மல்கோவாவின் கொட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நட்டால் மல்கோவா காய்க்குமா? (காவேரிப்பட்டணம் வாசகி)

பத்திரப்படுத்தியதுதான் தப்பு. மாங்கொட்டை காயக் காய உயிர் போய்விடும். பழம் தின்ற இரண்டு, மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். இந்த வருஷக் கொட்டையை எடுங்கள். ஓட்டைப் பிளந்து, பருப்பை மட்டும் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஓரங்குல ஆழத்தில் வையுங்கள்.

முளைக்கும். ஆனால் மல்கோவாவாக இருக்காது. மல்கோவா, செந்தூரா, பெங்களூரா எல்லாவற்றிலும் கொட்டைக்கு ஒரே கரு. எந்த மரத்து மகரந்தம் சேர்ந்ததோ, அதன் குணமும் கலந்திருக்கும். அதற்காகப் பிடுங்கி எறியாதீர்கள். இலை செம்பு நிறத்தில் இருக்கும்போதே அந்தக் கன்றின் தலையை வெட்டிப் பிளந்து, மல்கோவா குச்சியை ஆப்புபோலச் சீவிச் செருகிக் கட்டினால் ஒட்டுக்கன்று தயார். சந்தூர் நர்சரிகளில் இது அன்றாட வேலை. ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒட்டு 3, 4 வருஷத்தில் காய்க்கும். கொட்டைக்கன்றுக்கு அதைப்போல இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

விதை போட்ட பப்பாளி மூன்றும் பூக்கின்றன, ஒரு பிஞ்சுகூட இல்லை. (பாலக்கோடு)

பூ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்குகிறதா? மூன்றும் ஆண். உரம் போட்டுப் பயனில்லை, வெட்டிவிடுங்கள். அடுத்த முறை குழிக்கு மூன்று நாற்று நட்டு, பூத்தபின் கழியுங்கள். இடம் குறைவென்றால் கோ 7 போன்ற இருபால்பூ ரகம் நல்லது. அதில் தனி ஆண் மரத் தொல்லை இல்லை.

சீத்தா மரம் சித்திரையில் நிறையப் பூத்து எல்லாம் உதிர்ந்துவிட்டது. (அரூர்)

வெயில் காய்ச்சலில் அப்படித்தான். மழை ஈரம் வந்தபின் பூக்கிற பூ உதிராமல் பிஞ்சாகும். அவசரமென்றால் நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து, பாதி விரிந்த பூவுக்குள் காலையில் தடவுங்கள். விதையை அரைத்துப் பேனுக்குத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். கண்ணில் பட்டால் பெரும் அவதி.

எலுமிச்சைக்கும் ஒட்டுதான் வாங்க வேண்டுமா? (ஒசூர்)

வேண்டாம். ஒரு விதையில் பல முளை வரும். பெரும்பாலும் தாயையே உரித்து வைத்திருக்கும். நோஞ்சானைக் கழித்துவிட்டு, ஒரே சீராக வளர்வதை வைத்துக்கொள்ளுங்கள். விதையை மட்டும் காயவிடாதீர்கள்.