சுகர் ஏறியதற்கு இசிஜி ஏன் எடுத்தார்கள்?

கேள்வி: நாங்கள் தேவகோட்டை. ஆத்தாவுக்கு 62 வயது. 15 வருடமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். போன மாதம் காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு நாள் ஊசியை நிறுத்திவிட்டார். வாந்தி எடுத்து, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். சுகர் 486, பொட்டாசியம் 6.4, இசிஜி மாறியிருக்கிறது என்றார்கள். மறுநாள் இசிஜி சரியாகிவிட்டது. ஆனால் டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றினார்கள். வந்தது மாரடைப்பா? ஏற்கெனவே கூடுதலாக இருந்ததை ஏன் ஏற்ற வேண்டும்?

பதில்: இது கீட்டோஅசிடோசிஸ் போலத்தான் தெரிகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தத்தில் அமிலம் சேரும். செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியமும் ரத்தத்துக்கு வந்துவிடும். அங்கே அது 3.5 முதல் 5 வரைதான் இருக்கலாம். இதயத்தின் மின்னோட்டம் இந்த அளவை நம்பித்தான் ஓடுகிறது. கூடினால் இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் சின்ன மேடு, அதாவது டி அலை, கூராக எழும்பும், இன்னும் கூடினால் அதற்கு முன்னால் வரும் கியூஆர்எஸ் என்ற உயரமான கோடு அகலமாகும், கடைசியில் இதயம் நின்றேகூடப் போகலாம். சில சமயம் அச்சு அசலாக மாரடைப்பு போன்ற இசிஜி வந்து, பொட்டாசியம் இறங்கியதும் மறைந்துவிடும்.

ஆத்தாவுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். ஆனாலும் மாரடைப்பு இல்லவே இல்லை என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். இந்த அவசர நிலையை மாரடைப்பே கிளப்பிவிடுவதும் உண்டு, நாள்பட்ட சர்க்கரை நோயில் நெஞ்சுவலியே தெரியாமலும் போகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு இருக்கிறதா பாருங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். கல்லாவில் பணம் கிடக்க, பெட்டகம் காலியாக இருப்பது போன்ற நிலைமை அது. சிறுநீரிலும் வாந்தியிலும் உடம்பின் பொட்டாசியம் நிறையப் போயிருக்கும், ரத்தத்தில் மட்டும் கூடுதலாகத் தெரியும். இன்சுலின் ஏறியதும் அது செல்லுக்குள் திரும்பும், ரத்தத்தில் சரசரவென்று இறங்கும். அப்போதும் ஆபத்துதான். டி அலை தட்டையாகி, க்யூடி இடைவெளி (கியூஆர்எஸ் தொடங்கி டி அலை முடியும் வரையான நேரம்) நீண்டு, துடிப்பு தாறுமாறாகலாம். அதனால்தான் மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து ஏற்றுகிறோம். வரும்போதே பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இன்சுலின். "ஊசி போடாமல் வேடிக்கை பார்க்கிறார்கள்" என்று உறவினர்கள் கோபப்படுவது இந்த நேரத்தில்தான். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோர்ந்து படுத்தவருக்கு உடனே இளநீர் வெட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி பலவீனமானவர்கள், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலும் படபடப்பு வரும், துடிப்பு பிசகலாம். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சுகர் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனிமேல் காய்ச்சல் வந்தால், சாப்பிடவில்லை என்பதற்காக ஆத்தா தானாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது அந்த இரண்டு இசிஜி தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதோடு ஒப்பிட்டால் புது மாற்றம் எது என்று டாக்டருக்கு உடனே தெரிந்துவிடும்.