மூன்று நிமிடத்தில் நிற்கும் புல்வெட்டி

கேள்வி: வணக்கம் ஐயா. கோயில் மைதானத்துப் புல்லை வெட்டுவதற்காக, ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் மச்சானிடம் அவருடைய பழைய பெட்ரோல் புல்வெட்டியை விலைக்கு வாங்கி வந்தேன். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டே இழுப்பில் கிளம்புகிறது. மூன்று நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது. கடையில் காட்டினேன், இன்ஜினே போச்சு என்கிறார்கள். காவடிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தம்பி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் சக்தி) போன இன்ஜின் இரண்டு இழுப்பில் கிளம்பாது. நின்ற அந்த நிமிடத்தில் அதற்குக் கிடைக்காமல் போனது பெட்ரோலா, ஸ்பார்க்கா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறவிட்டுப் பார்த்தால் தெரியாது. நின்ற உடனே பாருங்கள்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அடுத்த இழுப்பிலேயே ஓடினால் குற்றம் மூடியில்தான். அதில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழே இறங்க மாட்டாது. போன வருடம் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த மெஷினிலும் இதே கதைதான். புல்தூசியும் எண்ணெயும் சேர்ந்து மூடிக்குள் சாணி மாதிரி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊதிக் காயவைத்தேன். அவ்வளவுதான் வேலை.

மூடி சரியாக இருந்தால், சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் இல்லை என்று சந்தேகப்படலாம். பிளக்குக்கு மின்சாரம் தருவது காயில். சூடானதும் படுத்து, ஆறியதும் எழுந்துகொள்ளும் காயில்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். காயிலை மாற்றத்தான் வேண்டும்.

பிளக் உலர்ந்திருந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பக்கம் போகலாம். இன்னொரு அடையாளமும் உண்டு: திணறும்போது சோக்கை (காற்றைக் குறைக்கும் விசை) பாதி இழுத்தால் சமாளித்து ஓடும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, தேன் நிறப் பிசினாக ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னப் பித்தளைத் துளையை, அடைத்திருக்கும். அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். சில வகைகளில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே ஜெட். அதன் பக்கவாட்டில் மயிரிழை போல இன்னொரு துளை இருக்கும், பலரும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். துளைக்குள் ஊசியை மட்டும் நுழைக்காதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது. மெல்லிய தூண்டில் நைலான் நூலும் கார்புரேட்டர் கிளீனரும் போதும்.

மெஷின் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வந்தது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரம், காற்று மெலிசு. சிலர் அதற்கென்று சின்ன ஜெட் போட்டிருப்பார்கள். கடலோரத்து நம் டர்பனின் அடர்ந்த காற்றில் அந்த ஜெட் விடும் பெட்ரோல் பற்றாது, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். முன்பு ஜெட் மாற்றினாரா என்று மச்சானை ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றியிருந்தால், கடல்மட்டத்துக்கான ஜெட் வாங்கிப் போடுங்கள்.

பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பிளேடு பக்கம் கை போகும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், இதில் அலட்சியமே கூடாது. அப்புறம், மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் அதில் இறங்கி, அடுத்த தடவை கிளப்பும்போது வெள்ளைப் புகை மண்டும்.